முனிக்கு முதல் மார்க்

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். சென்னையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஆம்பூர் வெயிலில் பகல் பதினோரு மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது. ஆகவே நானும் அவனும் டிவி முன்னால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு எனக்குக் கண் செருகிக்கொண்டிருந்த நேரம், 'காஞ்சனா' ஓடிக்கொண்டிருந்தது. அது எத்தனையாவது தடவை ஓடுகிறது என்று தொலைக்காட்சிக்காரர்களுக்கே கணக்கு இருக்காது.

"தாத்தா, நாலு படமும் பார்த்திருக்கீங்கல்ல? ரேங்க் போடுங்க, பார்க்கலாம்" என்றான் பேரன்.

நாற்பது வருடம் கணக்கு எழுதிய கை. பட்டியல் போடச் சொன்னால் சும்மா இருக்குமா? பழைய டைரியில் ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு கோடு போட்டுக்கொண்டேன். அவன் பட்டியல் ஒரு பக்கம், என் பட்டியல் மறுபக்கம். அவனுடையது இரண்டு நிமிஷத்தில் முடிந்தது: முதலிடம் 'காஞ்சனா', இரண்டாவது 'காஞ்சனா 2', மூன்றாவது 'காஞ்சனா 3', கடைசி 'முனி'. என்னுடையதை முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் காலத்துப் பேய்ப் படங்களுக்கும் இவற்றுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 1966இல் வந்த 'யார் நீ' படத்தில் ஜெயலலிதா வெள்ளைப் புடவையில் மழையில் நின்றதைப் பார்த்துவிட்டு, டென்ட் கொட்டகையிலிருந்து நடந்து வந்த ராத்திரி எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. பாதையின் ஒரு பக்கம் தோல் காயப்போட்டிருப்பார்கள். இருட்டில் காற்றடித்தால் தொங்குகிற தோல் ஒவ்வொன்றும் ஆள் மாதிரி அசையும். கடைசியில் அந்தப் படத்தில் பேயே கிடையாது, எல்லாம் மனிதர்கள் செய்த சூழ்ச்சி. 1978இல் ரஜினி நடித்த 'ஆயிரம் ஜென்மங்கள்' படத்தில் நிஜமாகவே ஆவி வந்தது. அது காதலனைத் தேடி வந்த ஆவி. 1990இல் '13ஆம் நம்பர் வீடு' வந்தபோது தைரியசாலிகள் கூடத் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டுதான் இரண்டாவது ஆட்டத்துக்குப் போனார்கள். இவை எல்லாவற்றிலும் கதாநாயகன் பயப்பட மாட்டான். பயப்படுவது பெண்களும் காமெடியனும்தான்.

2007 மார்ச்சில் ராகவா லாரன்ஸ் 'முனி'யை எடுத்தபோது அதை மாற்றினார். அவரே இயக்கம், அவரே கதாநாயகன். அந்தக் கதாநாயகன் பொழுது சாய்ந்தால் வீட்டுப் படி தாண்ட மாட்டான். 'காஞ்சனா'வில் இது இன்னும் முற்றி, ராத்திரி பாத்ரூம் போகவும் அம்மா துணை வேண்டும் என்கிற அளவுக்கு வந்துவிடும். கொட்டகையில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். நம் வீடுகளில் அப்படி ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் அது நான்தான்.

இரண்டாவது மாற்றம்தான் பெரியது. இந்தப் படங்களின் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கிறது. யாரோ ஒரு பெரிய மனிதன் குடிசைக்காரனை, திருநங்கையை, ஊனமுற்ற பெண்ணை ஏமாற்றிக் கொன்றுவிடுகிறான். போலீஸ், கோர்ட் எதிலும் அது ஏறவில்லை. செத்தவரே வந்து கேட்கிறார். பேரன் அமெரிக்கக் கதை ஒன்று சொன்னான். 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' என்று 1980இல் தொடங்கி இதுவரை 12 படம் வந்திருக்கிறதாம். முதல் படத்தில், காவலுக்கு இருந்தவர்களின் அலட்சியத்தால் மகனை ஏரியில் பறிகொடுத்த தாய்தான் கொலைகாரி. அப்புறம் போகப் போக முகமூடிக்காரன் ஒருவன் எதிரில் வந்தவர்களையெல்லாம் வெட்டுகிறான், ஏன் எதற்கு என்று கேள்வியே இல்லை என்றான். வழக்கு மறந்து போனால் எந்த ஊர்ப் பேயும் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. அதனால் பயத்துக்கும் சிரிப்புக்கும் மார்க் போடாமல், அந்த வழக்குக்கு மட்டும் போடுவது என்று தீர்மானித்தேன்.

நான்காவது இடம் 'காஞ்சனா 3' (2019). வழியில் ஒரு மரத்தடியில் குடும்பம் இளைப்பாறுகிறது, மரத்தில் கட்டுப்பட்டுக் கிடந்த ஆவிகள் தெரியாத்தனமாக விடுபட்டு விடுகின்றன. மரத்தில் ஆணி அறைந்து பேயைக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம், ஆகவே ஆரம்பம் எனக்குப் பிடித்தது. அப்புறம் கோவை தாத்தா வீடு, ஓவியா, வேதிகா, நிக்கி தம்போலி என்று மூன்று முறைப்பெண்கள், சூரி, கோவை சரளா. பாதிப் படம் வரைக்கும் பேய் வாசலில் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. செத்துப் போன காளி யார் என்று பார்த்தால், ஆதரவற்றவர்களை வைத்துக் காப்பாற்றுகிற நல்லவன். ஆனால் உயிரோடு இருக்கும்போதே பத்துப் பேரைப் பந்தாடுகிறவன். அவ்வளவு பலசாலி செத்தான் என்றால் மனசு நம்ப மறுக்கிறது. ஏமாற்றப்பட்டவன் என்ற எண்ணம் நமக்கு வரவில்லை. படம் என்னவோ நன்றாக ஓடியது. என் மார்க் 100க்கு 35, அதாவது பாஸ்.

மூன்றாவது 'காஞ்சனா 2' (2015). இதன் தொடக்கம் நான்கிலும் புத்திசாலித்தனமானது. ஒரு டிவி சேனலுக்கு மவுசு குறைகிறது. டாப்ஸி யோசனை சொல்ல, கடற்கரைப் பங்களா ஒன்றில் பொய்யாகப் பேய் நிகழ்ச்சி எடுக்கக் கிளம்புகிறார்கள். மணலில் புதைந்திருந்த ஒரு தாலி கைக்கு வருகிறது. பொய்ப்பேய் காட்டப் போனவர்களை நிஜப் பேய் பிடித்துக்கொள்கிறது. நித்யா மேனன் கால் ஊனமுற்ற கங்காவாக வரும் அரைமணி நேரம்தான் படத்தின் உயிர். அந்தப் பெண்ணின் சிரிப்பிலும் கோபத்திலும் பொய் இல்லை. ஆனால் அங்கேயும் அவளுக்காகச் சண்டை போட மொட்டை சிவா என்று லாரன்ஸே இன்னொரு வேடத்தில் வந்துவிடுகிறார். கங்காவின் வழக்கு பின்னுக்குப் போய் அவர் ஆட்டம் முன்னுக்கு வந்துவிடுகிறது.

இந்தப் படத்தைக் கொட்டகையில் பார்த்தபோது எனக்கு மனசு ஒட்டவில்லை. அதற்குப் படம் மட்டும் காரணம் அல்ல. அது வந்தது ஏப்ரல் 17. அதற்கு இரண்டரை மாதம் முன்னால், ஜனவரி 31 அன்று விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. செத்தவர்கள் 10 பேர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். திரையில் கங்கா ஆவேசமாக எழுந்து வரும்போது, அந்தப் பத்துப் பேர் யார் உடம்பில் வந்து எந்த பாஷையில் கேட்பார்கள் என்று எனக்கு ஓடியது. இடைவேளையில் எழுந்து வெளியே வந்து டீ குடித்தேன். மீதிப் படத்தை டிவியில்தான் பார்த்தேன். மார்க் 55.

இரண்டாவது 'காஞ்சனா' (2011). இங்கேதான் பேரன் சண்டைக்கு வந்தான். எடுத்த விதத்தில் இதுதான் முதல் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். கிரிக்கெட் ஆட மைதானம் தேடிப் போய், அங்கிருந்து ஸ்டம்போடு பேயையும் வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆரம்பம். கோவை சரளாவும் தேவதர்ஷினியும், மாமியாரும் மருமகளுமாக, வீட்டில் பேய் இருக்கிறதா என்று சோதனை போட்டுப் பார்க்கிற காட்சி. என் மனைவி இருந்தவரை அந்த இடம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்துவிடுவாள். அதற்கப்புறம் சரத்குமார். உடம்பை வளர்த்துப் பேர் வாங்கியவர். அந்த மே மாதம்தான் தென்காசியில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆகியிருந்தார். ஜூலையில் சேலை கட்டித் திருநங்கையாகத் திரையில் நின்றார். பெற்றவர்களே வெளியே தள்ளிய காஞ்சனாவுக்கு இந்தி பேசுகிற ஒரு பாய் வீட்டில் இடம் கொடுக்கிறார். அவள் தன்னைப்போல் இன்னொரு பிள்ளையை எடுத்து வளர்த்து டாக்டராக்குகிறாள். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை ஒரு எம்.எல்.ஏ. பிடுங்கிக்கொண்டு, தட்டிக் கேட்ட அவளையும் பாயையும் அவர் பிள்ளையையும் கொன்று அங்கேயே புதைத்துவிடுகிறான்.

2008இல்தான் தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று நல வாரியம் வந்தது. இந்தியாவில் அதுதான் முதல். திருநங்கை என்ற மரியாதையான சொல் அப்போதுதான் எங்கள் பேச்சில் பழக ஆரம்பித்திருந்தது. அதுவரை சினிமாவில் அவர்கள் வந்தால் கிண்டலுக்குத்தான். ஆம்பூர்க் கொட்டகையில் விசில் அடித்துக்கொண்டிருந்த பையன்கள், வீட்டைவிட்டுத் துரத்துகிற காட்சியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். சர்க்கார் உத்தரவு செய்ததில் பாதியையாவது அந்தப் படம் செய்தது. மார்க் 85.

"அப்போ முனி ஃபர்ஸ்டா? அதுல பேயே பயமா இல்லியே தாத்தா!" என்றான் பேரன்.

வாஸ்தவம். ராஜ்கிரணைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. பக்கத்துத் தெரு பெரியவர் மாதிரி இருப்பார். 'முனி'யில் அவர் முனியாண்டி, குடிசைப் பகுதிக்குத் தலைவர். தேர்தலில் நிற்கிற ஒருவன் வந்து, ஜெயித்தால் உங்கள் ஜனங்களுக்கு வீடு கட்டித் தருகிறேன் என்கிறான். முனியாண்டி அதை நம்பி ஜனங்களிடம் வாக்குக் கொடுக்கிறார். அவர் சொன்னதால் ஓட்டுப் போடுகிறார்கள். ஜெயித்தவன் வாக்கை மீறுகிறான், கேட்கப் போன முனியாண்டியைக் கொன்றுவிடுகிறான். கொன்றதோடு விடவில்லை. ஊரை ஏமாற்றிவிட்டு ஓடிப்போனான் என்று செத்தவர் மேலேயே பழியையும் போட்டுவிடுகிறான். முனியாண்டிக்கு உயிர் போனதைவிட அதுதான் ஆறவில்லை. தன் ஜனங்கள் தன்னைத் துரோகி என்று நினைக்கிறார்களே என்று தவிக்கிறார்.

இன்னொன்றையும் பேரனுக்குக் காட்டினேன். 'முனி'யில் பேய் ராஜ்கிரண், 'காஞ்சனா'வில் பேய் சரத்குமார். லாரன்ஸ் தன் உடம்பை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கிறார். பயந்தாங்கொள்ளிப் பையன் ஒருவன் மற்றவனுடைய நியாயத்துக்காக நடுங்கிக்கொண்டே எழுந்து நிற்கிறான். இரண்டிலும் மூன்றிலும் அந்தச் சண்டைக்காரப் பேயும் அவரே. இரவல் கொடுக்க வேண்டிய உடம்பைத் தானே வைத்துக்கொண்டார். நாலு படத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் என் கணக்கில் இதுதான் காரணம்.

"ஓகே, பாயின்ட்டுதான். ஆனா அதுக்கு காஞ்சனாதானே ஃபர்ஸ்ட் வரணும்?" என்றான். விடாக்கண்டன். அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. அதை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.

1992. ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் நான் ரைட்டர். ஆபீஸ் கணக்கு, சம்பளப் பட்டுவாடா, பதிவேடுகள் எல்லாம் என் பொறுப்பு. தோலிலிருந்து முடி கழற்றச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தத் தண்ணீர் வடிகிற தொட்டியில் சேறு அடியில் தங்கும். அமிலம் பட்டால் அதிலிருந்து ஒரு வாயு கிளம்பும், அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. இறங்கியவன் வாடை போய்விட்டது என்று நினைக்கும்போதே விழுந்துவிடுவான். பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த கூலியாள் ஒருவரை மேஸ்திரி தொட்டிக்குள் இறக்கினார். கயிறு இல்லை, முகமூடி இல்லை. ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்: குடிபோதையில், யாரும் சொல்லாமல் தானாகவே தொட்டியருகே போய்த் தவறி விழுந்தார். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பார்கள். அச்சு மாதிரியே எழுதினேன். விசாரிக்க வந்தவர்கள் அதைத்தான் படித்தார்கள்.

அந்த அம்மா கைக்குழந்தையோடும் எட்டு வயதுப் பையனோடும் வந்தாள். குடித்துவிட்டு விழுந்ததால் சட்டப்படி ஒன்றும் கிடையாது, முதலாளி தர்மத்துக்குத் தருகிறார் என்று சொல்லிப் பதினைந்தாயிரம் கொடுத்தார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கைநாட்டு வாங்கியதும் நான்தான். "ஐயா, அவரு குடிக்க மாட்டாருங்களே" என்றாள். "எல்லாம் ஃபார்மாலிட்டிதாம்மா" என்றேன்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், குடித்திருந்தால் இழப்பீடு இல்லை என்று ஒரு விதி அப்போது இருந்தது. ஆனால் அது காயத்துக்குத்தான், சாவுக்குப் பொருந்தவில்லை. செத்தவர் குடித்தே இருந்தாலும் குடும்பத்துக்குப் பணம் இருந்தது. அந்தப் புத்தகம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. நான் படித்திருந்தேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் தொட்டிப் பக்கம் ராத்திரி யாரோ நடமாடுகிறார்கள் என்று நைட் ஷிப்ட் ஆட்கள் வேலைக்கு வர மாட்டேன் என்றார்கள். எலுமிச்சம்பழம் வெட்டி, சேவல் காவு கொடுத்து சாந்தி செய்தார்கள். படித்தவன் என்ற திமிரில் நான் சிரித்தேன். பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. அங்கே வேலை செய்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். பதிவேட்டில் எழுத அவர்களுக்கு உரிமை இல்லை. அதனால் இருட்டில் நடமாட விட்டார்கள். இது எனக்குப் புரிய 'முனி' வர வேண்டியிருந்தது. அதற்கும் அப்புறம் வாயைத் திறக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பையன் இப்ப எங்க தாத்தா?" என்றான்.

எனக்குத் தெரியும். எப்போதுமே தெரியும். டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். அடுத்த வாரம் பேரன் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனேன். நாற்பது வயதுக்காரர் ஆகிவிட்டார், தலை பாதி நரைத்திருந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வந்த விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா குடிக்க மாட்டாருன்னு எங்களுக்குத் தெரியும் சார். சாவுற வரிக்கும் அம்மா அதையே சொல்லிக்கினு இருந்துச்சு. எழுதுனது நீங்கன்னுதான் தெரியாது."

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ வரவழைத்தார். குடித்து முடித்ததும், "இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா சார்? எம் பசங்க படிக்கிறாங்க. காட்டணும்" என்றார்.

கடை நோட்டிலேயே ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். இன்ன தேதியில், மேஸ்திரி இறங்கச் சொல்லித்தான் அவர் தொட்டியில் இறங்கினார், குடித்திருக்கவில்லை, அப்படிப் பதிவேட்டில் பொய்யாக எழுதியவன் நான் என்று எழுதிக் கையொப்பம் போட்டேன். கை நடுங்கியதில் எழுத்து கோணல் மாணலாக வந்தது. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்கள் வண்டியின் செயின் தளர்ந்திருந்ததைக் கவனித்து அதை இறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் இங்கே எழுதலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சொன்னால் எழுதுவேன்.

'காஞ்சனா 4' தயாராவதாகப் பேரன் சொல்கிறான். வரட்டும், அதையும் பார்த்துவிட்டு மார்க் போடுவேன். ஊருக்குக் கிளம்பும்போது என் டைரியை வாங்கி அவன் பட்டியலைத் திருத்தினான். 'காஞ்சனா' முதலிடத்திலேயே இருக்கிறது, அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டானாம். கடைசியில் கிடந்த 'முனி'யை இரண்டாவதுக்கு ஏற்றியிருக்கிறான்.